சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட கடவுள்: எபிரேய மறைநூல்களில் உடன்படிக்கையும் விசுவாசமும்

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில் ஆபிராம் கடவுளை நம்புகிறார். அந்த நம்பிக்கை நீதியாக எண்ணப்படுகிறது. ரோமருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதிய கடிதங்களின் வாதம் இந்த வசனத்தைப் பிடித்தே எழும்புகிறது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் கையில் எடுத்ததும் இதைத்தான். அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம் அவ்வளவு பேர் பெறவில்லை. அதில் அதே ஆபிராம், இந்த நாடு தனக்குச் சொந்தமாகும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கடவுளிடமே கேட்கிறார்.

நம்பியவருக்கு அத்தாட்சி எதற்கு? இந்தக் கேள்வி பழைய உரைகாரர்களையும் உறுத்தியிருக்கிறது. பின்னாளில் ஆபிரகாம் எனப்பட்ட ஆபிராமின் சந்ததியார் எகிப்தில் அடிமைப்பட்டதற்கு அவர் இப்படிக் கேட்டதே காரணம் என்று ஷ்முவேல் என்ற யூத ஆசிரியர் சொன்னதாகப் பாபிலோனியத் தல்மூதின் நெதாரிம் பகுதி பதிவு செய்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நக்மானிதேஸோ ஆறாம் வசனத்தையே வேறு கோணத்தில் படித்தார். நீதியாக எண்ணியவர் கடவுள் இல்லை, ஆபிராம்தான். தனக்குக் கிடைத்த வாக்கைக் கடவுளின் நீதிச் செயலாக ஆபிராம் எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய உரை.

கதைக்குள் இருக்கும் கடவுள் இந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்ட அத்தாட்சியைக் கொடுக்க அப்போதே ஆயத்தம் செய்யச் சொல்கிறார். நம்புவதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று எபிரேய மறைநூல்களை எழுதியவர்கள் நினைக்கவில்லை என்பது என் துணிபு. ஒருவர் தந்த சொல்லை நம்புகிறவருக்கு அந்தச் சொல்லைக் காட்டி அவரை நிறுத்திக் கேட்கும் உரிமையும் உண்டு என்ற உறவுதான் அவர்கள் கண்டது. தமிழ் வேதாகமம் அந்த உறவுக்கு உடன்படிக்கை என்று பெயர் தந்தது.

ஆபிராம் கொண்டுவர வேண்டியவை: மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. விலங்குகளை நடுவாகப் பிளந்து பாதிக்குப் பாதி எதிரெதிராக வைக்கிறார்; பறவைகளைப் பிளக்கவில்லை. பிணந்தின்னும் பறவைகள் இறங்குகின்றன, அவற்றை விரட்டுகிறார். பொழுது சாயும்போது அயர்ந்த தூக்கம் அவரைப் பிடிக்கிறது, திகிலூட்டும் இருள் மூடுகிறது. இருட்டிய பிறகு, புகையும் சூளை ஒன்றும் எரியும் பந்தம் ஒன்றும் தோன்றி, பிளந்து வைத்த துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அன்றைக்கே கடவுள் ஆபிராமோடு உடன்படிக்கை செய்தார் என்கிறது நூல்.

விலங்கைப் பிளந்து ஒப்பந்தம் செய்வது அந்த நிலப்பகுதியில் அரசர்கள் அறிந்த வழக்கம்தான். அலெப்போவுக்குத் தென்கிழக்கே ஸெஃபீரேயில் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேய மொழிக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அர்பாத் நாட்டு அரசன் மதியேல் தன்னைவிட வலிய ஒருவனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவற்றில் இருக்கிறது. வாக்குத் தவறினால் மெழுகு எரிவதுபோல் அவன் எரிவான், வில் முறிவதுபோல் முறிவான், கன்று வெட்டுப்படுவதுபோல் வெட்டுப்படுவான் என்று அதில் சாபங்கள் அடுக்கப்பட்டுள்ளன. இதே மதியேல் அசீரிய அரசன் ஐந்தாம் அசூர்-நிராரியோடு செய்த ஒப்பந்தத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருகிறார்கள். பலிக்காகவோ விருந்துக்காகவோ அதைத் தொழுவத்திலிருந்து கொண்டுவரவில்லை என்று அந்த ஆவணம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அறுபடுவது குட்டியின் தலை இல்லையாம். அது மதியேலின் தலை, அவன் மக்களின் தலை.

எபிரேய நூல்களுக்குள்ளேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருந்தபோது, எபிரேய அடிமைகளை விடுதலை செய்வதாகச் சிதேக்கியா அரசனும் தலைவர்களும் கடவுளின் ஆலயத்தில் உடன்படிக்கை செய்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர்கள் சற்று விலகினார்கள். மூச்சுவிட இடம் கிடைத்ததும் எஜமானர்கள் விடுவித்த அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியா 34ஆம் அதிகாரம் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறது. எந்தக் கன்றை இரண்டாகப் பிளந்து அதன் நடுவே நடந்தார்களோ அந்தக் கன்றைப் போல ஆவார்கள். அவர்களுடைய உடல்கள் பறவைகளுக்கும் காட்டுவிலங்குகளுக்கும் இரையாகும்.

ஆக, துண்டங்களின் நடுவே நடப்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். வழக்கப்படி அப்படிச் செய்ய வேண்டியவன் எளியவன், திறை கட்டும் சிற்றரசன். பேரரசன் நடப்பதில்லை, அவனுக்கு அந்த அவசியமே இல்லை. ஆதியாகமம் 15இல் இந்த வழக்கம் தலைகீழாகிறது. ஆபிராம் தூங்குகிறார். நெருப்பும் புகையும் மட்டுமே கடந்துபோகின்றன. யாத்திராகமத்தைப் படித்தவருக்கு நெருப்பும் புகையும் கடவுளைக் குறிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாசிப்பை மறுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இங்கே வரும் விலங்குகள் பிற்கால ஆலயப் பலிக்கு உரியவை, எனவே இதைப் பலியாகத்தான் பார்க்க வேண்டும், கடவுள் தன்மேல் சாபம் சுமந்துகொள்வதாகப் படிப்பது மிகை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது போதவில்லை. பிளந்த உடல்களின் நடுவே ஒருவர் கடந்துபோகும் காட்சி எபிரேய மறைநூல்களில் வேறு ஓரிடத்தில்தான் தெளிவாக வருகிறது. அது எரேமியா 34. அங்கே பொருள் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. ஆதியாகமத்தின் இந்த அதிகாரம் எரேமியாவின் காலத்துக்குப் பிறகு இப்போதைய வடிவம் பெற்றது என்று கருதுவோரும் உண்டு. அது சரியென்றால் செய்தி இன்னும் அழுத்தமாகிறது. நாடு இழந்து, அரசு இழந்து நின்ற ஒரு கூட்டம், தன் முதல் மூதாதைக்குக் கடவுள் கொடுத்த வாக்கு எவ்வளவு கனமானது என்று அந்தச் சடங்கைக் கொண்டே சொல்லிக்கொண்டது.

மனிதர்களுக்குள் நடக்கும் உடன்படிக்கையையும் இந்த நூல்கள் இதே கண்டிப்போடு பார்க்கின்றன. கிபியோன் ஊரார் பழைய செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூரதேசத்தார் என்று பொய் சொல்லி யோசுவாவிடம் உடன்படிக்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளில் உண்மை தெரிந்துவிட்டது. ஆனாலும் கொடுத்த ஆணையை முறிக்க இஸ்ரவேல் தலைவர்கள் துணியவில்லை. பல தலைமுறைக்குப் பின் சவுல் அதை மீறி கிபியோனியரைக் கொன்றதற்காகத் தாவீதின் காலத்தில் மூன்று ஆண்டு பஞ்சம் வந்தது என்கிறது சாமுவேலின் இரண்டாம் புத்தகம். ஏமாற்றி வாங்கிய வாக்கும் வாக்குதான். இப்படி எண்ணிய சமூகம், தன் கடவுளும் சொன்ன சொல்லை விட்டுப் போகமாட்டார் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

இந்த உடன்படிக்கை மொழி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இனி அசீரியாவுக்குப் போக வேண்டும். கி.மு. 672இல் அசீரிய அரசன் எசரத்தோன் தன் இளைய மகன் அசூர்பானிபாலைப் பட்டத்து இளவரசனாக அறிவித்து, பேரரசு முழுவதும் அதிகாரிகளையும் சிற்றரசர்களையும் ஆணையிட வைத்தான். அந்த ஆணைப் பத்திரத்தின் களிமண் பலகைகள் 1955இல் நிம்ருத் அகழாய்வில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்தன. டொனால்ட் வைஸ்மன் அவற்றை ஒட்டிச் சேர்த்து 1958இல் பதிப்பித்தார். 600 வரிகளுக்கு மேல் நீளும் ஆவணம் அது. அவை கிழக்கே இருந்த மேதிய ஊர்த்தலைவர்களுக்கானவை என்பதால், மத்தியதரைக்கடல் ஓரத்து நாடுகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. 2009இல் துருக்கியின் ஹதாய் மாநிலத்தில், தெல் தாயினாத் மேட்டில், டொரண்டோ பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் ஒரு கோயிலின் உள்ளறையில் அதே ஆவணத்தின் மற்றொரு படியைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பலகையில் குறுக்கே துளை போட்டிருந்தது. அக்காலத்தில் அதைப் பார்வைக்கு நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அசீரியாவின் மேற்கு மாகாணம் ஒன்றில் அரச ஆணைப் பத்திரம் தெய்வச் சந்நிதியில் இருந்திருக்கிறது.

யூதா நாட்டு அரசன் மனாசே எசரத்தோனுக்குக் கீழ்ப்பட்டவன். நினிவேயில் மாளிகை கட்ட மரமும் கல்லும் அனுப்பிய 22 அரசர்களின் பட்டியலில் எசரத்தோனின் கல்வெட்டு அவன் பெயரையும் சொல்கிறது. இந்த ஆணை எருசலேமிலும் எடுக்கப்பட்டிருக்கும், அதன் படி ஒன்று அங்கேயும் இருந்திருக்கும் என்று எண்ண நிறைய இடமிருக்கிறது.

அந்த ஆவணத்தை உபாகமத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் திடுக்கிடும். அசூர்பானிபாலைத் தங்களைப்போலவே நேசிக்க வேண்டும் என்று சிற்றரசர்களுக்குக் கட்டளை. அவனுக்கு எதிராகச் சகோதரனோ மகனோ மகளோ குறிசொல்பவனோ ஒரு சொல் சொன்னாலும் மறைக்கக் கூடாது. இந்த ஆணையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். உபாகமம் 6இல் கடவுளை முழு இதயத்தோடு நேசிக்கச் சொல்வதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்வதும் வருகின்றன. 13ஆம் அதிகாரத்தில் வேறு தெய்வங்களை வணங்க அழைக்கிறவர்களாகத் தீர்க்கதரிசியும் சகோதரனும் மகனும் மகளும் மனைவியும் வருகிறார்கள். அவர்களைத் தப்பவிடக் கூடாது என்கிறது. உபாகமத்தில் கடவுள்மேல் வைக்கச் சொல்லும் அன்பு அரசியல் விசுவாசத்தின் சொல்வழக்கிலிருந்து வந்தது என்று 1963இல் வில்லியம் மொரன் எழுதிய சிறு கட்டுரை இன்றும் ஆய்வாளர்கள் கைவிடாத ஒன்று.

சாபங்களின் வரிசை இன்னும் கூர்மையான சான்று. அசீரிய ஆவணத்தில் நிலாத் தெய்வம் சின் தோல்நோயைக் கொடுக்கும். அடுத்துச் சூரியத் தெய்வம் ஷமாஷ் கண்ணைக் குருடாக்கும். பிறகு நினுர்த்தா பிணத்தைக் கழுகுகளுக்கு இரையாக்குவான். பிறகு வெள்ளித் தெய்வம் மனைவியரைப் பகைவனின் மடியில் கிடத்துவாள். உபாகமம் 28இல் பிணம் பறவைகளுக்கு இரையாவதும், தோல்நோயும், நடுப்பகலில் தடவித் திரியும் குருட்டுத்தனமும், நிச்சயித்த பெண்ணை இன்னொருவன் எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே அடுக்கில் வருகின்றன. அசீரியனுக்கு இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நிலாவுக்குப் பின் சூரியன் என்பது அவனுடைய தெய்வ வரிசை. ஒரே கடவுளைச் சொல்லும் உபாகமத்தில் தோல்நோயை ஒட்டிக் குருட்டுத்தனம் வர உள்காரணம் எதுவும் இல்லை. 1965இல் ஃபிராங்கெனாவும் மோஷே வைன்ஃபெல்டும் தனித்தனியே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு இது என்று சொல்லிவிட முடியாது. இதற்கு முன்பே, 1954இல், ஜார்ஜ் மெண்டன்ஹால் வேறொரு பக்கம் கைகாட்டியிருந்தார். கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளின் ஹிட்டைட் ஒப்பந்தங்கள் பேரரசன் முன்பு செய்த நன்மைகளைச் சொல்லித் தொடங்கும். அதன் பிறகே நிபந்தனைகள் வரும். எகிப்திலிருந்து விடுவித்தவர் நான் என்று கடவுள் தன்னை அறிமுகம் செய்துகொண்ட பிறகே பத்துக் கட்டளைகள் வருவது இந்த அச்சில்தான் என்பது மெண்டன்ஹால் கருத்து. அசீரிய ஆவணங்களில் அத்தகைய நன்றி வரலாறு பெரும்பாலும் இல்லை, மிரட்டல்தான் உண்டு. இதைக் காட்டி மோசேயின் காலத்துக்கே உடன்படிக்கையைக் கொண்டுபோகிறவர்களில் கென்னத் கிச்சன் முக்கியமானவர். எதிர்முனையில், உடன்படிக்கை என்ற இறையியலே கி.மு. 7ஆம் நூற்றாண்டில் உருவானதுதான் என்று 1969இல் லோதார் பெர்லிட் வாதாடினார். உபாகமம் இன்றுள்ள வடிவில் அசீரியாவின் நிழலில் வளர்ந்தது என்பதற்கே சான்று வலுவாக இருப்பதாக நான் நினைக்கிறேன். கி.மு. 622இல் யூதா அரசன் யோசியாவின் ஆட்சியில் ஆலயத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் புத்தகம் உபாகமத்தின் ஆதி வடிவம் என்ற கருத்து 1805இல் டெ வெட்டே எழுதிய காலத்திலிருந்து நிற்கிறது. ஆனால் நன்மையை முன்வைத்துக் கட்டளையைப் பின்வைக்கும் பழைய மரபும் அதற்குள் உயிரோடு இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் நூல் குறைபட்டுப்போகும்.

அசீரிய ஆவணத்திலிருந்து உபாகமம் வாங்கிய இந்தக் கடனின் அரசியலையும் பார்க்க வேண்டும். நினிவேக்குத் திறை கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மலைநாட்டு எழுத்தர்கள், நினிவேயின் ஆணைப் பத்திரத்தை எடுத்து, அரசன் பெயர் இருந்த இடத்தில் தங்கள் கடவுளின் பெயரை எழுதினார்கள். முழு இதயத்தோடு நேசிக்கத் தகுந்தவர் ஒருவரே என்றால், எசரத்தோனுக்கு அந்த நேசத்தில் பங்கு இல்லை. பேரரசின் மொழியிலேயே பேரரசனுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். அசீரியக் கொடூரத்தின் கறையும் அந்த மொழியோடு சேர்ந்தே வந்தது. சகோதரனையும் மகளையும் காட்டிக்கொடுக்கச் சொல்லும் 13ஆம் அதிகாரத்தை நெஞ்சம் பதறாமல் என்னால் படிக்க முடிவதில்லை. பிற்கால வரலாற்றில் அது யார் யார் கையில் எப்படிப் பயன்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைப் புகழவும் முடியாது.

விசுவாசம் என்பது எவ்வளவு நடைமுறை அரசியலாக இருந்தது என்பதை ஏசாயா 7ஆம் அதிகாரம் காட்டுகிறது. கி.மு. 734ஐ ஒட்டி, சீரியாவின் ரேத்சீனும் வட இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்தார்கள். வண்ணார்துறை வழியில், மேற்குளத்து மதகின் கடைசியில், ஆகாஸ் அரசனை ஏசாயா சந்திக்கிறார். படையெடுத்தவர்கள் புகைந்து அணையப்போகும் இரண்டு கொள்ளிக்கட்டைகள்தாம், பயப்பட வேண்டாம், நம்பி உறுதியாக நிற்காவிட்டால் நிலைக்கவே முடியாது என்கிறார். அதோடு, வானத்திலோ பாதாளத்திலோ எந்த அடையாளத்தை வேண்டுமானாலும் கடவுளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வாய்ப்பும் தருகிறார். ஆகாஸ் மறுத்துவிடுகிறான். கடவுளைச் சோதிக்கமாட்டேன் என்று பக்தியான பதில் சொல்கிறான். ஏசாயாவுக்குக் கோபம் வருகிறது. மனிதர்களைச் சலிக்கவைத்தது போதாதென்று கடவுளையும் சலிக்கவைக்கிறாயா என்று கடிந்துகொள்கிறார்.

ஆகாஸ் கேட்காததற்குக் காரணம் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. அவன் ஆலயத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய அரசன் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, தன்னை அவனுடைய ஊழியன் என்றும் மகன் என்றும் எழுதிக்கொடுத்தான். அசீரிய அரசனின் கல்வெட்டில் திறை கட்டியவர்கள் பட்டியலில் யூதாவின் அரசனாக அவன் பெயர் வருகிறது. அவன் வேறோர் எஜமானிடம் வாக்கு வாங்கிவிட்டான். அதனால்தான் கடவுளிடம் கேட்க அவனுக்கு எதுவும் இல்லை. அத்தாட்சி கேட்ட ஆபிராமிடம் கடவுள் கோபிக்கவில்லை, கேட்க மறுத்த ஆகாஸிடம் தீர்க்கதரிசி கோபிக்கிறார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த நூல்கள் எதை அவிசுவாசம் என்கின்றன என்பது விளங்கும். கேட்பதற்கு எதுவுமில்லாத அடக்கம் அவற்றின் கண்ணில் விசுவாசமாகாது.

எசேக்கியேல் 17ஆம் அதிகாரத்தில் வாக்கு பற்றிய இந்த எண்ணம் எதிர்பாராத திருப்பம் எடுக்கிறது. சிதேக்கியா பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரிடம் கடவுளின் பெயரால் ஆணையிட்டு அரசனானவன். பிறகு எகிப்தை நம்பி அந்த ஆணையை முறித்தான். அந்நியப் பேரரசனுக்குக் கொடுத்த ஆணைதானே, முறித்தால் என்ன என்று நாட்டுப்பற்றாளர் நினைக்கலாம். எசேக்கியேலின் கடவுளோ அதைத் தன் ஆணை, தன் உடன்படிக்கை என்கிறார். தன் பெயரைச் சொல்லி ஒரு பகைவனுக்குக் கொடுத்த வாக்கைக்கூட அவர் தன் வாக்காகவே ஏற்றுக்கொள்கிறார்.

சீனாய் மலையடிவாரத்தில் நடந்த உடன்படிக்கையில் மக்களும் வாக்குக் கொடுக்கிறார்கள். யாத்திராகமம் 24இல் மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு, மறுபாதியைப் பலிபீடத்தில் தெளிக்கிறார். உடன்படிக்கைப் புத்தகத்தை வாசித்து, மக்கள் சம்மதித்த பிறகு மிச்ச இரத்தத்தை அவர்கள்மேல் தெளிக்கிறார். மூப்பர்கள் 70 பேர் மலையேறிக் கடவுளைக் காண்கிறார்கள். அங்கே உண்டு குடிக்கிறார்கள். நாற்பது நாள் கழிவதற்குள் பொன் கன்றுக்குட்டி தயாராகிவிடுகிறது.

மக்கள் முறித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தின் நீதிப்படி அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இவர்களை அழித்து மோசேயிடமிருந்து புதிய சனத்தை உண்டாக்குவதாகக் கடவுளும் சொல்கிறார். மோசே அதை ஏற்கவில்லை. மக்கள் நல்லவர்கள் என்று அவர் வாதிடவில்லை. வாதிட வழியும் இல்லை. ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் கடவுள் தன்பேரிலேயே இட்ட ஆணையை எடுத்து முன்னே வைக்கிறார். கடவுள் மனம் மாறுகிறார். தல்மூதின் பெராக்கோத் பகுதியில் ரப்பி அபாகு இந்தக் காட்சியைப் பற்றி, வேதத்தில் எழுதியிராவிட்டால் சொல்லவே முடியாது என்ற முன்னெச்சரிக்கையோடு ஒன்று சொல்கிறார். ஒருவன் இன்னொருவனின் ஆடையைப் பற்றி இழுத்துப் பிடிப்பதுபோல மோசே கடவுளைப் பிடித்துக்கொண்டு, மன்னிக்கும்வரை விடமாட்டேன் என்றாராம். விசுவாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த இறையியல் நூலிலும் நான் படித்ததில்லை.

கி.மு. 586இல் ஆலயம் எரிந்தது. தாவீதின் வம்சம் அரியணையிலிருந்து போயிற்று. அந்த வம்சம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று கடவுள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? 89ஆம் சங்கீதம் முதல் 37 வசனங்களில் அந்த வாக்கைப் பாராட்டுகிறது. சூரியனைப் போலவும் சந்திரனைப் போலவும் அது நிலைத்திருக்கும் என்று கடவுள் ஆணையிட்டதை விரிவாக நினைவுபடுத்துகிறது. துதிப்பாடல் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது 38ஆம் வசனத்தில் தொனி மாறுகிறது. உடன்படிக்கையை ஒதுக்கித் தள்ளியவர் கடவுளே என்று முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டப்படுகிறது. கிரீடம் மண்ணில் கிடக்கிறது. மதில்கள் இடிந்து கிடக்கின்றன. ஆணையிட்டுச் சொன்ன பழைய கிருபை எங்கே? முதல் பாதி துதி மட்டுமில்லை, வழக்கில் வைக்கும் பத்திரமும் அதுதான் என்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. 44ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி போய், நாங்கள் உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை, ஏன் தூங்குகிறீர் என்று கேட்டுக் கடவுளை எழுப்பப் பார்க்கிறது.

இந்தப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இவற்றை நீக்கவில்லை, மென்மையாக்கவும் இல்லை. ஆலய வழிபாட்டுப் பாடல்களோடு சேர்த்தே வைத்தார்கள். கடவுளை நம்பாதவன் அவர்மேல் வழக்குப் போடமாட்டான். அசூர்பானிபாலுக்கு ஆணையிட்ட எந்தச் சிற்றரசனுக்கும் பேரரசனைப் பார்த்து நீ வாக்குத் தவறினாய் என்று சொல்லும் வழி அந்த 600 வரிகளில் எங்கும் இல்லை. அசீரிய அச்சில் வார்த்த உடன்படிக்கைக்குள் எபிரேயர்கள் சேர்த்தது இந்த வழியைத்தான்.

எல்லாக் குரலும் வழக்காடவில்லை என்பதும் உண்மை. பூமியின் வம்சங்களில் உங்களை மட்டுமே அறிந்திருக்கிறேன், அதனாலேயே உங்களைத் தண்டிப்பேன் என்ற பொருளில் ஆமோஸ் சொல்கிறார்; தெரிந்தெடுப்பு அவரிடம் சலுகையாக இல்லை, கூடுதல் பொறுப்பாகவே இருக்கிறது. எரேமியா இன்னொரு பாதை பிடிக்கிறார். யூதாவின் பாவம் இருப்பெழுத்தாணியால் இதயப் பலகையில் செதுக்கப்பட்டிருக்கிறது என்று 17ஆம் அதிகாரத்தில் சொன்னவர், 31ஆம் அதிகாரத்தில் அதே இதயத்தில் கடவுள் தன் நியாயப்பிரமாணத்தை எழுதப்போகும் புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறார். அதன் பிறகு ஒருவருக்கொருவர் கடவுளை அறிந்துகொள்ளப் போதிக்க வேண்டியிருக்காது. கல்லில் எழுதியது உடைந்தது, புத்தகம் ஆலயத்தில் காணாமல் கிடந்தது என்பதையெல்லாம் அறிந்த ஒருவரின் எதிர்பார்ப்பு அது.

சாதாரண மக்கள் உடன்படிக்கையை எப்படி வைத்திருந்தார்கள் என்று அறிய ஒரு பொருள் நம் கையில் இருக்கிறது. 1979இல் கப்ரியேல் பர்க்காய் எருசலேம் பழைய நகருக்குத் தென்மேற்கே கேத்தேப் ஹின்னோம் என்ற இடத்தில் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டினார். உள்ளே எலும்புகளுக்கும் கலங்களுக்கும் இடையே இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் இருந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. பெரியது விரித்தால் 10 சென்டிமீட்டர் நீளம்கூட வராது. எண்ணாகமம் 6இல் வரும் ஆசாரியர் ஆசீர்வாதத்தை ஒத்த சொற்கள் இரண்டிலும் கீறப்பட்டுள்ளன. வேதாகமத்தில் உள்ள ஒரு பகுதியோடு ஒப்பிடத்தக்க எழுத்துகளில் இவையே மிகப் பழமையானவை. பெரிய சுருளில், தன்னை நேசிக்கிறவர்களுக்கு உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிறவர் என்று உபாகமம் 7இல் வருவதை ஒத்த ஒரு தொடரும் இருக்கிறது. மயிரிழை போன்ற கீறல்கள். சுருட்டி நூலில் கோத்துக் கழுத்திலோ கையிலோ கட்டியிருப்பார்கள். சுருளுக்குள் நூல் செல்லத் துளை இருக்கிறது. அணிந்திருந்தவரால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. எருசலேம் எரிந்த காலத்தை ஒட்டி யாரோ ஒருவர் அந்தச் சொற்களை உடம்போடு வைத்துக்கொண்டு வாழ்ந்து, அதோடே அடக்கமும் ஆகியிருக்கிறார்.

பாரசீகர் காலத்தில் எருசலேமுக்குத் திரும்பியவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை நெகேமியா 9, 10ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. அதில் கடவுள் பேசுவதில்லை. மேகமும் நெருப்பும் இல்லை. மக்களே நீண்ட ஜெபம் செய்கிறார்கள். கடவுள் செய்த நன்மைகளையும் முன்னோரின் துரோகங்களையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, எங்கள் முன்னோருக்கு நீர் கொடுத்த நாட்டிலேயே நாங்கள் அடிமைகளாக இருக்கிறோம், இதன் விளைச்சல் எங்களை ஆளும் அரசர்களுக்குப் போகிறது என்று முறையிட்டு முடிக்கிறார்கள். பதில் எதுவும் வருவதில்லை. பதிலுக்குக் காத்திராமல் அவர்கள் எழுதி முத்திரை போடுகிறார்கள். அதிபதி நெகேமியாவில் தொடங்கி ஆசாரியரும் லேவியரும் குடும்பத் தலைவர்களுமாக 84 பெயர்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. ஓய்வுநாளில் விற்க வருகிறவர்களிடம் தானியம் வாங்கமாட்டோம். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டு, கடன்களையும் தள்ளுபடி செய்வோம். ஆலயப் பணிக்கு ஆளுக்கு ஆண்டுதோறும் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்போம். பலிபீடத்துக்கு விறகு கொண்டுவரும் முறை எந்தக் குடும்பத்துக்கு எப்போது என்று சீட்டுப்போட்டு முடிவு செய்வோம் என்று எழுதிக்கொண்டார்கள்.